கீழே பாருங்கம்மா

அன்று காலை கத்தரி பல் துலக்கும்போதே பாடினாள். பாட்டு என்று சொல்லிவிட முடியாது. நுரையோடு வெளியே வந்த ஒரு முனகல். குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்த கணவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"என்னம்மா, உள்ள ஏதாவது மோட்டார் ஓடுதா? பேரிங் போன சத்தம் வருதே."

"இன்னைக்கு நீங்க என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வராது." கதவைத் திறந்து வாயைத் துடைத்தபடி வந்தாள். "இன்னைக்கு வால் வெட்டுற நாள்."

"தினமும் அதைத்தானே செய்யறே?"

"தினமும் நான் வெட்டுறேன். இன்னைக்கு அதுவே வெட்டிக்கும். நான் காலை நீட்டி உக்காந்து காபி குடிப்பேன்."

கத்தரி என்பது வீட்டில் வைத்த பெயரல்ல, அலுவலகத்தில் வைத்தது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே கம்பெனி. சூடாக வேண்டியது சூடாகாமல் போனாலும், குளிர வேண்டியது குளிராமல் போனாலும் கூப்பிட வேண்டிய கம்பெனி. ரொட்டிக் கடை அடுப்பு, இறைச்சிக் கடைக் குளிர் அறை, கோழிப் பண்ணையில் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புவார்கள். அவர் வேன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் மெக்கானிக். அவள் மேசையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயில்களைப் பார்த்து ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் போடுகிறவள். டிக்கெட்டை அவர் போனில் படித்துவிட்டுப் போய்ப் பழுது பார்ப்பார்.

இதில் வால் எங்கிருந்து வந்தது என்றால், பதில் எழுதும் பழக்கத்திலிருந்து வந்தது. "சரிங்க, நாளைக்கு வாங்க" என்று ஒரு ரொட்டிக் கடைக்காரர் மூன்றே சொல்லில் பதில் போடுவார். ஆனால் அவருடைய மெயில், அந்த மூன்று சொல்லுக்கு அடியில், கம்பெனி அவருக்கு எழுதியதையும், அதற்கு முன் அவர் எழுதியதையும், அதற்கும் முன் கம்பெனி எழுதியதையும் வரிசையாகக் கோத்து அனுப்பிவிடும். ஒவ்வொரு வரிக்கு முன்னும் அம்புக்குறி. ஒவ்வொன்றின் அடியிலும் கம்பெனி முகவரி, யாரும் அனுப்பாத ஃபேக்ஸின் எண், "இந்த மின்னஞ்சல் உங்களுக்கானது அல்லவென்றால் உடனே அழித்துவிடவும்" என்ற வக்கீல் வாசகம். ஐந்தாவது பதில் வரும்போது அது அனுமார் வாலாக நீண்டிருக்கும். மெக்கானிக்குகள் கடை வாசலில் நின்று, கிரீஸ் படிந்த கட்டைவிரலால் போனைத் தள்ளித் தள்ளி, விஷயம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

"உங்க டிக்கெட்டைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஐஸ் உருகி, கறி கெட்டு, கடைக்காரர் வேற தொழிலுக்கே போயிடறாரு," என்று ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவர் அலுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அவருக்குப் போகும் டிக்கெட்டுகளில் மட்டும், கத்தரி உட்கார்ந்து வாலைக் கையால் தேய்த்து இழுத்து அழித்து அனுப்பினாள். பெண்டாட்டி செய்கிற சின்ன உபகாரம், அவ்வளவுதான். ஆனால் மெக்கானிக்குகளுக்குக் கண் இல்லையா? "அவருக்கு மட்டும் மொட்டையா, சுத்தமா வருது. நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" என்று ஒரு கூட்டமே மேனேஜரிடம் போய் நின்றது. அன்றிலிருந்து எல்லா டிக்கெட்டுக்கும் வால் வெட்டுவது அவள் வேலையாயிற்று. பெயரும் அப்போது விழுந்ததுதான்.

ஆரம்பத்தில் அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. மீனில் முள் எடுப்பதுபோலக் கை தானாகவே போகும். எது புதுசு, எது பழசு என்று கண் யோசிப்பதற்குள் விரல் வெட்டிவிடும். வீட்டிலும் அதே கண்தான். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து தகராறைத் தொடங்கினால், முதலில் இன்றைய விஷயம் வரும், அடியில் போன மாத விஷயம், அதற்கும் அடியில் கல்யாணப் புகைப்படத்தில் தன்னை ஓரத்தில் நிறுத்திய விஷயம். "அண்ணி, மேல இருக்கறதை மட்டும் பேசலாமா?" என்று கத்தரி கேட்டாளானால் நாத்தனாருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் எத்தனை வருஷத்துக்கு முள்ளே எடுத்துக்கொண்டிருப்பது? தோள்பட்டை வலித்தது. அவளுடைய கண் வேறொரு மேசைமேல் இருந்தது. ஜன்னல் ஓரமாக, சுவரில் பெரிய வரைபடமும் அதில் வண்ண வண்ணக் குண்டூசிகளுமாக இருந்த ரூட் மேசை. எந்த மெக்கானிக் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் முடிவு செய்வார். கல்யாணத்துக்கு முன் கத்தரி ஒரு டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எந்தத் தெரு ஒருவழி, எந்தப் பாலத்தில் காலையில் நகர முடியாது, எந்தச் சந்தில் வேன் திரும்பாது என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். லைசென்ஸ் மட்டும் வரவில்லை. பின்பக்கமாக வண்டியை நிறுத்தச் சொன்னபோதெல்லாம் கம்பத்தை இடித்தாள். அது வேறு கதை.

ரூட் மேசைக்காரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து மேனேஜரே அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார். பார்த்தார் என்றால், மெக்கானிக்குகளை ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டு, அங்கே போய்ச் சேர்ந்ததும் புறப்பட்ட கடைக்குப் பக்கத்துக் கடைக்குத் திருப்பி அனுப்புவார். வாயைத் திறந்தால் "சுருக்கமா சொல்லுங்க" என்பதால் அவருக்குச் சுருக்கம் என்று பெயர்.

போன மாதம் கத்தரி அவரிடம் சுருக்கமாகவே சொன்னாள். "சார், வாலை மெஷினே வெட்டட்டும். நான் ரூட் மேசைக்குப் போறேன்."

சுருக்கத்துக்கு அந்தச் சுருக்கம் பிடித்திருந்தது. சாஃப்ட்வேர்காரரை வரவழைத்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று பேனா, எல்லாப் பெண்களையும் "சிஸ்டர்" என்று கூப்பிடும் வழக்கம். கத்தரி சொன்ன யோசனை எளிமையானது. நாம் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் தலையிலும் ஒரு கோடு போட்டு, "உங்கள் பதிலை இந்தக் கோட்டுக்கு மேலே எழுதவும்" என்று போட்டுவிடுவது. பதில் வந்ததும் மெஷின் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து கீழே இருப்பதை எல்லாம் வெட்டி எறிந்துவிட வேண்டியது.

"எறிஞ்சிடணுமா சிஸ்டர்? மூணு புள்ளி வச்சு மடிச்சு வச்சிடறேனே. வேணும்ங்கறவங்க அழுத்திப் பாத்துக்கட்டும்."

"வேண்டவே வேண்டாம் சார். புள்ளி இருந்தா நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? அழுத்திப் பாப்பாங்க. திரும்ப வால் வந்து உக்காந்துக்கும். வெட்டினா வெட்டினதாவே இருக்கட்டும்."

சோதித்தும் பார்த்தாள். தனக்குத் தானே மெயில் போட்டுப் பதில் எழுதினாள். கணவரை எழுதச் சொன்னாள். வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளையும் எழுதச் சொன்னாள்; அவள் "மா, பரீட்சை நேரத்துல இது தேவையா" என்று எழுதினாள். எல்லாம் பளிச்சென்று வெட்டுப்பட்டு வந்தது. சுருக்கம் ஒரு நாள் கெடு கொடுத்தார். "சாயங்காலம் வரைக்கும் புகார் ஒண்ணும் வரலைன்னா வச்சுக்கலாம், ரூட் மேசை உங்களுக்கு. ஒரே ஒரு புகார் வந்தாலும் பழையபடி கையாலேயே வெட்டுங்க. மேசைக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அந்த நாள்தான் இது. அவள் பல் துலக்கும்போதே பாடியதற்குக் காரணம் இருந்தது.

காலை முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. டிக்கெட்டுகள் குளித்துத் தலை வாரிய பிள்ளைகள்போல வந்துகொண்டிருந்தன. "அடுப்பு சூடாகுது, நன்றி." அவ்வளவுதான், கீழே வெள்ளை வெளேரென்று இடம். "குளிர் அறைக் கதவு மூடலை." அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் பார்த்துக் கத்தரி நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பக்கத்து நாற்காலியில் அன்று முழுதும் காவலுக்கு உட்கார்ந்திருந்த சாஃப்ட்வேர்காரர், "சிஸ்டர், தலை சுத்தப் போகுது" என்றார்.

கணவர் போன் செய்தார். "ஏம்மா, இது உண்மையிலேயே நம்ம கம்பெனி டிக்கெட்தானா? ஒரே பார்வையில படிச்சுட்டேன். மீதி நேரத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கறேன்."

"வேலையைப் பண்ணுங்க!"

"மத்தவங்க எல்லாம் உனக்குச் சிலை வைக்கணும்கறாங்க."

"கையில கத்தரியோட வைக்கச் சொல்லுங்க." அவளுக்கு வாயெல்லாம் பல்.

அந்த உற்சாகத்தின் நடுவில்தான் கோழிப் பண்ணைக்காரம்மாவின் பதில் வந்தது. அந்தம்மா கம்பெனிக்குப் பழைய வாடிக்கை. தானாகப் போன் செய்ய மாட்டார். எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பார். காலையில் "இன்குபேட்டரில் கோளாறு" என்று ஒரு வரி எழுதியிருந்தார். கம்பெனி வழக்கம்போல நான்கு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தது: எந்த இயந்திரம், என்ன கோளாறு, ஓடுகிறதா நின்றுவிட்டதா, எப்போது ஆள் வரலாம். அதற்கு வந்த பதிலில் மெஷின் விட்டுவைத்திருந்தது இவ்வளவுதான்:

"பதில் கீழே."

கீழே ஒன்றும் இல்லை.

"பாவம், எழுத மறந்துட்டாங்க போல," என்று கத்தரி இரக்கப்பட்டு, தயாராக இருந்த பொத்தான் ஒன்றைத் தட்டினாள். "தங்கள் பதிலில் விவரம் இல்லை. மேற்கண்ட கேள்விகளுக்கு விடை அனுப்பவும். நன்றி." இரண்டு டிக்கெட் தாண்டுவதற்குள் மறுபடி வந்தது.

"பதில் கீழேதான் இருக்கிறது."

"பாருங்க சார், கீழ கீழங்கறாங்க. கீழ குனிஞ்சு பாத்தா என் செருப்புதான் இருக்கு," என்று சாஃப்ட்வேர்காரரைச் சிரிக்க வைத்துவிட்டு, மறுபடி அதே பொத்தானைத் தட்டினாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மூன்றாவது காத்திருந்தது.

"கீழே பாருங்கம்மா!!"

இரண்டு ஆச்சரியக்குறி. அதற்கு அடியில் வெள்ளை வெளேரென்று இடம்.

கத்தரி அந்த வெள்ளையைப் பார்த்தாள். காலையிலிருந்து எதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாளோ அதே வெள்ளைதான்.

எல்லாரும் மேலேயே எழுதுவார்கள் என்று யார் சொன்னது? ஒழுங்கான ஆட்கள் சிலர் உண்டு. கேட்ட கேள்விக்கு, அந்தந்தக் கேள்வியின் அடியிலேயே பதில் எழுதுகிறவர்கள். கோட்டுக்கு மேலே எழுது என்றால், எந்தக் கோடு என்றே பார்க்காமல் நேரே கேள்விக்குப் போகிறவர்கள். இத்தனை வருஷமாக அவர்களுடைய வரிகளை அவள் கை தானாகவே விட்டுவிட்டு, சுற்றியிருந்ததை மட்டும் வெட்டி வந்திருந்தது. கைக்குத் தெரிந்திருந்தது. சாஃப்ட்வேர்காரரிடம் விதியைச் சொன்னபோது வாய்க்குத் தெரியவில்லை.

"சார், இந்த மெயில் முழுசா எங்கேயாவது இருக்கா? இல்ல, போயே போச்சா?"

"எதுவும் போகல சிஸ்டர். வந்தது வந்தபடி உள்ள இருக்கு. வெட்டினதுதான் வெளிய தெரியுது." அவர் இரண்டு தட்டுத் தட்டினார். மெயில் வாலோடு விரிந்தது. இரண்டாவது கேள்வியின் அடியில்: "சூடு ஏறுகிறது, தானாகவே அணைகிறது, மறுபடி தட்டினால் ஏறுகிறது." மூன்றாவதன் அடியில்: "இப்போது அரை நேரம் நின்றுதான் இருக்கிறது. குஞ்சுகள் ஓட்டைக் கொத்த ஆரம்பித்துவிட்டன." நான்காவதன் அடியில்: "உடனே. உடனே. உடனே."

கொஞ்சம் தள்ளி, கண்ணாடி அறைக்குள் சுருக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்த ஒரு டிக்கெட்டை மட்டும் சத்தமில்லாமல் கையால் சரி செய்து அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. சாயங்காலத்துக்கு இன்னும் சில மணி நேரம்தான். ஜன்னல் ஓரத்து வரைபடத்தைக் கத்தரி ஒருமுறை பார்த்தாள்.

ஆனால் இதேபோல இன்னும் எத்தனை வெள்ளை இருக்கிறதோ? விதியை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் அந்தக் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார்.

"சார்!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் போட்ட கூச்சலில் அறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "மெஷினை நிறுத்தச் சொல்லுங்க! வெட்டக் கூடாததை வெட்டுது!"

சுருக்கம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வெளியே வந்தார். "சுருக்கமா சொல்லுங்க."

"சிலர் கீழ பதில் எழுதறாங்க. அதையும் வெட்டிட்டோம். நான் சொன்ன விதிதான் தப்பு. சாஃப்ட்வேர் சார் போட்டது சரிதான்."

சாஃப்ட்வேர்காரர் கண்ணாடியை மேலே ஏற்றினார். "எனக்கும் தோணலை சிஸ்டர். சேர்ந்துதான் தப்பு பண்ணினோம்." சொல்லிக்கொண்டே விதியை நிறுத்தியும் விட்டார்.

"அப்ப அவ்வளவுதான்," என்றார் சுருக்கம். "புகார் வந்தா நிறுத்தறதுன்னு பேசினோம்."

"புகார் வரலையே சார். நானேதானே தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து குடுக்கறேன்." கத்தரி விடவில்லை. "சாயங்காலம் வரைக்கும்னுதான் பேச்சு. சாயங்காலம் இன்னும் வரல."

சுருக்கம் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டிருந்தாள்.

"அம்மா, சர்வீஸ் கம்பெனிலேருந்து பேசறேன்."

பின்னால் ஏதோ விசிறியின் சத்தம். அதையும் மீறிக்கொண்டு வந்தது அந்தம்மாவின் குரல். "கீழ பாத்தீங்களா?"

"பாத்துட்டேம்மா. இப்பத்தான் பாத்தேன்."

"பள்ளிக்கூடத்துல கூட நான் இவ்வளவு ஒழுங்கா எழுதினதில்ல. கேள்விக்குக் கேள்வி பதில் எழுதிட்டு உக்காந்திருக்கேன், விவரம் இல்லை நன்றிங்கறீங்க. எதுக்கு நன்றி?"

"தப்பு எங்க மேலதாம்மா. பொட்டிக்குள்ள சூடு எப்படி இருக்கு?"

"வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திச் சுத்தி உள்ள வச்சுக்கிட்டிருக்கோம். எத்தனை நேரம் தாங்கும்னு தெரியலை. ஓட்டுக்குள்ளேருந்து கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்குதும்மா, மனசு ஆறல."

"கதவைத் திறக்காதீங்க. ஆள் இப்ப வருவாரு."

அடுத்த அழைப்பு கணவருக்கு. "எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்குப் பக்கத்துல, ரொட்டிக் கடையில. முடிச்சுட்டேன். சார் என்னைத் துறைமுகத்துக்குப் போகச் சொல்லியிருக்காரு."

"துறைமுகம் வேண்டாம். கோழிப் பண்ணைக்குப் போங்க. பாலத்து மேல போகாதீங்க, இந்த நேரத்துல நகராது. பழைய தண்ணித் தொட்டி வழியாப் போய் மர டிப்போ சந்துல திரும்புங்க, உங்க வேன் திரும்பும். சூடு தானா அணையுது. தெர்மோஸ்டாட் இருக்கா வண்டியில?"

"இருக்கு. யாரு போகச் சொன்னது? சாரா?"

"நான்தான்."

"சரிங்க மேடம்," என்றார் அவர். கேலிதான். ஆனால் வேன் கதவு அறைந்து சாத்தும் சத்தம் உடனே கேட்டது.

துறைமுகத்துக்கு, அங்கேயே பக்கத்துத் தெருவில் வேலை முடிக்கப்போகும் இன்னொரு மெக்கானிக்கை அனுப்பினாள். சுருக்கம் வரைபடத்துக்குப் பக்கத்தில் நின்று, குண்டூசிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதன் பிறகு கத்தரியும் சாஃப்ட்வேர்காரரும் காலையிலிருந்து வந்த மெயில்களை வாலோடு விரித்துத் தேடினார்கள். இன்னும் சில பேர் அகப்பட்டார்கள். ஓர் இறைச்சிக் கடைக்காரர் எல்லாக் கேள்வியையும் விட்டுவிட்டு, கம்பெனி முகவரிக்கு அடியில் "கதவு ரப்பர் கிழிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். ஒரு மருந்துக் கடைக்காரர் கம்பெனியின் கேள்வியையே திருத்தி, "ஓடுகிறதா" என்பதை "ஓடவில்லை" என்று மாற்றிவிட்டுச் சும்மா இருந்தார்.

"இந்த ஆளை என்ன பண்றது?" என்று சாஃப்ட்வேர்காரர் தலையைச் சொறிந்தார்.

கத்தரிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சார், கோட்டை விடுங்க. நாம என்ன எழுதி அனுப்பினோம்னு நமக்குத் தெரியும்ல? அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க. அவங்க முன்னாடி எழுதினதும் நம்மகிட்ட இருக்கு, அதையும் எடுத்துடுங்க. நம்மகிட்ட இல்லாத வரி எது இருந்தாலும், எந்த மூலையில இருந்தாலும், விட்டுடுங்க. என் கை அதைத்தான் செஞ்சுது."

"அப்ப 'ஓடவில்லை'?"

"அது நாம எழுதினதில்லையே! புது வரி. நிக்கட்டும்."

"அட!" அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, தேவையில்லாமல் அதைத் திறந்து மூடினார். "ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லலாம். அம்புக்குறியையும் மடிஞ்ச வரியையும் கழிச்சுட்டு ஒப்பிடணும். ஆனா சிஸ்டர், இந்தத் தடவை எறிய மாட்டேன். மூணு புள்ளி வச்சே தீருவேன். கேள்வி இல்லாம வெறும் பதிலைப் பாத்தா ஒண்ணும் புரியாது."

"அவங்களுக்குப் புரியும் சார், அதெல்லாம்..."

"சிஸ்டர். போன தடவை உங்க பேச்சைக் கேட்டேன்ல?"

அவர் விரல்கள் பலகையில் ஓட ஆரம்பித்தன. அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வேலையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். பழைய மெயில்களைப் புது விதியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இறைச்சிக் கடைக்காரரின் ரப்பர் வந்தது. மருந்துக் கடைக்காரரின் "ஓடவில்லை" வந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

கணவர் போன் செய்தார். மூச்சிரைத்தது. "தெர்மோஸ்டாட்தான். மாத்திட்டேன். சூடு நிக்குது. ஏம்மா, இந்தப் பொட்டிக்குள்ள கேக்கற சத்தத்தை நீ கேக்கணுமே! அத்தனை முட்டையும் பேசுது."

கத்தரி ஸ்பீக்கரில் போட்டாள். விசிறிச் சத்தத்துக்கு அடியில், மெல்லிசாக, கீச்சென்று ஏதோ கேட்டது. கேட்டதாகத்தான் எல்லாரும் சத்தியம் செய்தார்கள்.

"சுருக்கமா சொல்லணும்னா," என்று சுருக்கம் தொண்டையைச் செருமினார், "பழைய மெயில்ல ஓடறது பெரிசில்ல. புதுசா ஒண்ணு வந்து, அது சரியா வெட்டுப்படணும். சாயங்காலம் ஆகப் போகுது."

அது நியாயம்தான். கத்தரி கோழிப் பண்ணைக்காரம்மாவுக்கு, வேலை முடிந்ததும் அனுப்பும் வழக்கமான மெயிலை அனுப்பினாள். இயந்திரம் சரியாக இயங்குகிறதா? வந்த பணியாளர் முறையாக நடந்துகொண்டாரா? அதன் அடியில் வழக்கமான முகவரி, வழக்கமான வக்கீல் வாசகம். அந்தம்மா எப்படி எழுதுவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வருமா என்பதுதான் சந்தேகம்.

எல்லாரும் திரையையே பார்த்தார்கள். ஒரு குளிர் அறை நன்றி சொன்னது. யாரும் சீண்டவில்லை. ஓர் அடுப்பு விலை கேட்டது. "அப்புறம் வாங்க," என்று கத்தரி அதனிடம் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளானது. துப்புரவு செய்கிறவர் துடைப்பத்தோடு வந்து, இந்தக் கூட்டத்தைப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலே அவரும் நின்றுவிட்டார்.

பிறகு அது வந்தது. வாலோடு வந்திருக்க வேண்டியது. நடுநடுவே மூன்று மூன்று புள்ளிகளோடு திரையில் தெரிந்தது இதுதான்:

"பதில் கீழே.

ஓடுகிறது. நன்றாக ஓடுகிறது.

நல்ல மனிதர். ஆனால் ஓயாமல் பேசுகிறார், முட்டைகளோடும் பேசுகிறார்.

அழிக்க மாட்டேன். முதல் குஞ்சு வந்துவிட்டது."

கத்தரி சாஃப்ட்வேர்காரரின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவர் மூக்கிலிருந்த கண்ணாடி மேசையில் விழுந்தது. அறை முழுக்க ஒரே ஆரவாரம். துப்புரவு செய்கிறவர் துடைப்பத்தைத் தரையில் தட்டினார்.

"அதெல்லாம் சரி," என்றார் சுருக்கம். "எதை அழிக்க மாட்டேன்கறாங்க?"

கத்தரிக்கும் தெரியவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்த வரிக்கு மேலே இருந்த மூன்று புள்ளியை அழுத்தினாள். அவள் வேண்டவே வேண்டாம் என்று சொன்ன அதே மூன்று புள்ளி. மடித்து வைத்த வால் விரிந்தது: "இந்த மின்னஞ்சல் உங்களுக்கானது அல்லவென்றால் உடனே அழித்துவிடவும்." கம்பெனியின் வக்கீல் வாசகத்துக்கும் அந்தம்மா ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தார். அந்த வாசகத்தை எழுதிய நாளிலிருந்து அதற்கு ஒருவர் பதில் சொன்னது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

கத்தரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாஃப்ட்வேர்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலை சிஸ்டர்" என்றார். முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது.

"புள்ளி இருக்கட்டும் சார்," என்றாள் அவள். "உங்க புள்ளிதான்."

சுருக்கம் வரைபடத்துக்குப் போய், துறைமுகத்தில் குத்தியிருந்த பச்சைக் குண்டூசியைப் பிடுங்கிக் கோழிப் பண்ணையில் குத்தினார். தவறான இடத்தில் குத்தினார், அடுத்த தெருவில். திரும்பிப் பார்த்து, "நாளைக்குக் காலைல வந்து நீங்களே சரி பண்ணிக்கங்க. மேசையைத் துடைச்சு வைக்கச் சொல்றேன்" என்றார். அவருடைய வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சுருக்கமான பாராட்டு அதுதான்.

கத்தரி நாளை வரை காத்திருக்கவில்லை. நேரே போய்க் குண்டூசியை எடுத்துச் சரியான சந்தில் குத்திவிட்டுத்தான் பையை எடுத்தாள்.

வாசலில் வேன் நின்றது. கணவரின் சட்டைப் பையில் முட்டை ஓட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "ரூட் மேசைக்காரம்மா," என்று கதவைத் திறந்துவிட்டார். "வீட்டுல கடைக்குப் போ, காய் வாங்கு, குழாயைப் பாருன்னு அனுப்பறது போதாதுன்னு, இனிமே ஊரெல்லாம் நீதான் அனுப்பப் போறியா?"

"ஆமா. இப்ப நேரா வீட்டுக்கு. பாலத்து மேல போகாதீங்க."

"அக்கா ராத்திரிக்கு வர்றேன்னு போன் பண்ணினா. கல்யாண போட்டோ ஆல்பத்தைக் கேட்டா."

கத்தரி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "வரட்டும்," என்றாள். "இன்னைக்கு நான் முழுசாவே கேக்கறேன். அந்த ஓரத்துல நிறுத்தினது யாருன்னு எனக்கே தெரியணும்."

"போட்டோ புடிச்சவன்தான்."

"அதை அவங்ககிட்ட யாராவது சொல்லியிருக்கீங்களா?"

"யாரும் சொன்னதில்ல," என்றார் கணவர். பிறகு, தண்ணித் தொட்டிப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் பேச்சு வாக்கில் நேராகவே போய், பாலத்து நெரிசலில் கொண்டுபோய் வேனை நிறுத்தினார்.

"சொன்னேன்ல?" என்றாள் ரூட் மேசைக்காரி. ஆனால் அன்று அவளுக்கு அதற்கும் கோபம் வரவில்லை.